தராசுத் தட்டின் அடிப்பக்கம்

ஏப்ரல் மாதத்தில் என் கணவர் இரத்தினவேல், வீட்டிலேயே துவக்குக்குத் தோட்டா செய்வது என்று முடிவெடுத்தார்.

துவக்குச் சத்தம் இனிக் கேட்கக்கூடாது என்று நோர்வேக்கு வந்தவர் அவர். இது என் கருத்தல்ல. 1988இல் அவர் கொடுத்த அகதி விண்ணப்பத்தில் இருக்கிறது. அரசாங்கம் அதை நம்பி ஏற்றுக்கொண்டது. முப்பது சொச்சம் ஆண்டுகள் கழித்து அதே அரசாங்கம் அவருக்குத் துவக்கு வைத்திருக்க அனுமதி அட்டையும் கொடுத்தது. இரண்டும் எங்கள் வீட்டில் ஒரே கோப்புக்குள் கிடக்கின்றன. ஒன்றையொன்று வாசிப்பதில்லை போலும்.

வந்த புதிதில் வடக்கு மூலையில் ஹம்மர்பெஸ்டில் மீன் தொழிற்சாலையில் ஐந்து ஆண்டுகள் மீனுக்குத் தலை வெட்டினார். இப்போது ஸ்டோவ்னரில் ஒரு பள்ளிக்கூடத்தின் பராமரிப்பாளர். நான் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறேன். ஒஸ்லோவின் விளிம்பில் வெஸ்ட்லியில், ரயில் பாதை முடிகிற இடத்தில், எட்டாம் மாடியில் இருக்கிறோம்.

வேட்டைப் பைத்தியம் நான்கு ஆண்டுகளுக்கு முன்பு பிடித்தது. பள்ளிக்கூடத்தின் மரவேலை ஆசிரியர் ஒய்ஸ்தைன் கொண்டுவந்த வியாதி. அவர் ஒரு வேட்டைக் குழுவின் தலைவர். என் கணவர் வகுப்புக்குப் போனார், பரீட்சை எழுதினார், சித்தியடைந்தார். குழுவில் சேர்த்தார்கள். வேலை, காட்டுக்குள் சத்தம் போட்டுக்கொண்டு நடப்பது. அந்தச் சத்தத்துக்குப் பயந்து எல்க் ஓடும். ஓடுகிற வழியில் மற்றவர்கள் துவக்கோடு இருப்பார்கள். எல்க் என்பது குதிரையை விட உயரமான மான். அதற்குப் பெரிய மூளை இல்லை என்கிறார்கள். ஆனால் என் கணவர் வருவது கேட்டால் ஓடவேண்டும் என்கிற அளவுக்கு இருக்கிறது.

மூன்று இலையுதிர்காலம் அவர் கத்தினார். பங்காகப் பன்னிரண்டு கிலோ இறைச்சி கொடுத்தார்கள். நான் யாழ்ப்பாணத்துத் தூள் போட்டுக் கறி வைத்தேன். தூளின் ருசி நன்றாக இருந்தது.

இந்த ஆண்டு ஆர்ண என்கிற கிழவருக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. அவர் நாற்பது ஆண்டுகள் இருந்த ஐந்தாம் இலக்க இடம் காலியானது. இடம் என்றால் ஒரு மரத்தில் அறைந்த பலகை. அதில் சிவப்புப் பூச்சில் ஐந்து என்று எழுதியிருக்கும். அதில் துவக்கோடு இருந்து காத்திருக்கலாம். கத்தத் தேவையில்லை. ஒக்டோபரில் வேட்டை தொடங்குமுன் சூட்டுப் பரீட்சையில் சித்தியடைந்தால் பலகை இரத்தினவேலுக்கு என்று ஒய்ஸ்தைன் சொல்லிவிட்டார். இல்லையென்றால் வரிசையில் அடுத்தவர், ஒய்ஸ்தைனின் மைத்துனர்.

அகதி அந்தஸ்து கிடைத்தபோதுகூட என் கணவர் இவ்வளவு சந்தோஷப்பட்டதாக யாரும் சொல்லவில்லை.

அதே பேச்சில் ஒய்ஸ்தைன் கோப்பியைக் குடித்துக்கொண்டு இன்னொரு வாக்கியமும் சொன்னார். வீட்டுக்கு வந்து என் கணவர் அதைத் திருப்பிச் சொன்னார்.

"எங்கடை குழுவிலை எல்லாரும் தோட்டா சொந்தமாத்தான் நிரப்பிறது."

"நீங்களும் நிரப்போணும் எண்டவரோ?"

"அப்பிடிச் சொல்லேல்லை."

"பின்னை?"

"அவையள் அப்பிடிச் சொல்லமாட்டினம். சொல்லாமல் சொல்லுவினம்."

முப்பத்தேழு ஆண்டுகள் இங்கே வாழ்ந்தவர். நோர்வேக்காரர் சும்மா சொல்வது எது, சட்டமாகச் சொல்வது எது என்று அவருக்கு இன்னும் பிரித்தறிய வராது. ஆகவே எல்லாவற்றையும் சட்டமாக எடுத்துக்கொள்கிறார். அந்த முறையில்தான் இவ்வளவு காலமும் தப்பியிருக்கிறார்.

தோட்டா நிரப்புவது என்றால் இதுதான். சுட்டு முடிந்த பித்தளைக் கோதை, வெற்று உறையை, எறியாமல் பொறுக்கி எடுப்பது. துப்புரவாக்கி, தராசில் நிறுத்த வெடிமருந்தை உள்ளே கொட்டுவது. அதன் வாயில் புதுச் சன்னத்தை, பாய்ந்து போகிற குண்டை, வைத்து அழுத்துவது. கடையில் பெட்டி பெட்டியாக விற்கிறார்கள். அதைச் சொன்னேன். கடையில் இடியப்பமும் விற்கிறார்கள், நீர் ஏன் பிழிகிறீர் என்றார்.

மேசைக்கு இடம் வேண்டும். வீட்டில் ஒரு சாமான் அறை. அதில் அரிசி மூட்டை, மிளகாய்த்தூள், டிசெம்பரில் தொங்கவிடுகிற நத்தார் விளக்குகள், மகள் வினோஜாவின் பள்ளிக்கூடக் கொப்பிகள், மேல்தட்டில் சரஸ்வதி. அவர் அளந்தார். அரிசி மூட்டை எங்கள் கட்டிலுக்குக் கீழே போனது. கொப்பிகள் வினோஜாவிடம் துரொம்சோவுக்குப் போயின. அவள் அங்கே மருந்தாளர் படிப்புப் படிக்கிறாள். தனக்கு எதற்கு இரண்டாம் வகுப்புக் கணக்குக் கொப்பி என்று கேட்டாள். அப்பாவைக் கேள் என்றேன்.

பள்ளிக்கூடம் கழித்துவிட்ட மரவேலை மேசையின் மேற்பலகையைக் கொண்டுவந்தார். அதைச் சுவரோடு பிணைக்கத் துளைக்கவேண்டும். அதற்கு மூன்று நாள் முன்பே மின்தூக்கியில் அறிவித்தல் ஒட்டினார்: சனிக்கிழமை பத்திலிருந்து இரண்டு மணிவரை துளையிடப்படும், இடைஞ்சலுக்கு வருந்துகிறோம். ஊரில் குண்டு போட்டவர்கள் இந்த மரியாதையைக் காட்டியதில்லை.

பலகை நாலு இரும்புக் கால்களில் நின்றது. மேலே ரசமட்டத்தை வைத்தார். குமிழி நடுவில் நிற்கவில்லை. ஒரு காலுக்குக் கடுதாசி மடித்து வைத்தார். பிறகு அது அவமானம் என்று எடுத்துவிட்டுக் காலை அரத்தால் ராவினார். மூன்று சனிக்கிழமைகள் இதற்குப் போயின. அழுத்துகிற கருவியை மேசையில் பொருத்தினார். இடியப்ப உரலின் மூத்த அண்ணன் போல இருந்தது. ஒய்ஸ்தைன் தன் பழைய தராசைக் கொடுத்திருந்தார். நீட்டுக் கோல், ஒரு பக்கம் சின்னத் தட்டு, மறுபக்கம் முள். சிறு கோடுகள். ஒரு கோடு என்றால் ஓர் உப்புக் கல்லை விடச் சிறிது கூட. மேசைக்கு முன்னால் இருந்துகொண்டு அந்த முள்ளைப் பார்த்தபடி மூச்சை அடக்கிப் பழகினார். என்னையும் அடக்கச் சொன்னார்.

கடைசியாக வெடிமருந்து வந்தது. அதற்குப் பூட்டுப் பெட்டி. பெட்டிக்கு மேல், சரஸ்வதிக்கு நேர் கீழே, ஒரு தாள் ஒட்டினார். சுடர் தடை.

"இதுக்குள்ளை இனி விளக்குக் கொளுத்தேலாது," என்றார்.

"முப்பத்திரண்டு வருஷமாக் கொளுத்திறன்."

"இப்ப மருந்து இருக்கு."

"அப்ப மருந்தை வேறை இடத்திலை வையுங்கோ."

"சட்டப்படி பூட்டி வைக்கோணும். பூட்டுற இடம் இதுதான்."

"சரஸ்வதியையும் பூட்டச் சொல்லிச் சட்டம் இருக்கோ?"

"அவவை ஹோலுக்குக் கொண்டுபோம்."

"ஹோலிலை உங்கடை ரீவி இருக்கு. ரெண்டு பேரையும் எப்பிடி ஒரேடியாப் பாக்கிறது?"

அவர் பெருமூச்சு விட்டார். "உதயா, சாமி கும்பிடுறதாலை உலகத்திலை ஒரு கிராம் மாற்றமும் வராது. மருந்து ஒரு கிராம் மாறினா ஆள் சாகும். எது முக்கியம்?"

கடையில் மின்கலத்தில் எரியும் மெழுகுதிரி வாங்கிவந்தேன். காற்றில் ஆடுவது போல ஆடும், காற்று இல்லாதபோதும். சரஸ்வதி ஒன்றும் சொல்லவில்லை. படித்தவர்.

ஆறாம் மாடி மரியரஞ்சனி கறிவேப்பிலை கேட்டு வந்தது அந்த வாரம்தான். சாமான் அறைக் கதவு திறந்திருந்தது.

"உதயாக்கா, அண்ணை உள்ளுக்கை என்ன செய்யிறார்?"

"தோட்டா செய்யிறார்."

அவள் நான் கொடுத்த கறிவேப்பிலையை மேசையில் வைத்தாள். "இவ்வளவு காலத்துக்குப் பிறகோ?"

"எல்க் சுடுறதுக்கு."

"ஓம் ஓம். வெளியிலை அப்பிடித்தான் சொல்லோணும்."

"உண்மையா எல்க்குத்தான் ரஞ்சனி."

"நான் ஒருத்தருக்கும் மூச்சு விடமாட்டன்."

விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தேவாலயத்து வாசலில் பேசியிருக்கிறாள், அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை எங்கள் கோயிலில் ஒருவர் என் கணவரின் கையை இரண்டு கைகளாலும் பிடித்து, "கவனமா இருங்கோ அண்ணை" என்றார். வேறொருவர் இரகசியமாக, "எத்தினை பேர் இருக்கிறியள்?" என்று கேட்டார். வேட்டைக் குழுவைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்து என் கணவர், "ஒன்பது பேர், ஒரு நாய்" என்றார். கேட்டவர் கண்கலங்கினார்.

ஓகஸ்டில் இருபது தோட்டா நிரப்பிச் சுட்டுப் பார்த்தார். நன்றாகப் போயின. பரீட்சைக்கும் வேட்டைக்குமாக ஐம்பது நிரப்புவது என்று ஒக்டோபர் முதலாம் திகதியைக் குறித்தார். புதன்கிழமை. வெள்ளிக்கிழமை பரீட்சை. அதுதான் கடைசி வாய்ப்பு. ஞாயிறு வேட்டை.

அந்தப் புதன்கிழமை ஆயுத பூசை.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். கலியாணம் முடித்து வந்த முதல் ஆண்டு, ஆயுத பூசைக்கு அவருடைய காரின் ஸ்ரியறிங்கில் சந்தனப் பொட்டு வைத்தேன். அவர் என் கண்ணெதிரே ஈரத்தாளால் துடைத்துவிட்டு வேலைக்குப் போனார். நான் அழவில்லை. அடுத்த ஆண்டு ஆசனத்துக்கு அடியில் வைத்தேன். அவர் ஸ்ரியறிங்கைப் பார்த்தார், ஒன்றும் இல்லை, என்னைப் புத்திசாலி என்று பாராட்டினார். அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் அடியில்தான். அவர் மேலே துடைக்கிறவர். கீழே பார்க்கிறவர் அல்ல. எங்கள் குடும்பம் அப்படித்தான் நடந்தது.

புதன் மாலை ஐந்தரைக்குப் பூசைக்கு இருபது நிமிடம் தந்தார். மருந்துப் பெட்டியைப் பூட்டித் திறப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே நின்றார். கற்பூரம் கிடையாது, ஊதுபத்தி கிடையாது, மின்கல மெழுகுதிரி ஒன்று. குறைந்ததை ஈடுசெய்ய வேண்டியிருந்தது. சந்தனத்தைத் தாராளமாகக் குழைத்தேன். அழுத்துகிற கருவியின் பிடிக்கு அடியில் ஒரு பொட்டு. அளவுகோல் பெட்டிக்கு அடியில் ஒன்று. குறிப்புப் புத்தகத்தின் பின்னட்டையில் ஒன்று. மேசையில் ஆக முக்கியமானது தராசு என்று அவரே ஆறு மாதமாகச் சொல்லியிருந்தார். அதன் தட்டைத் திருப்பி, அடியில், நடுவில், பெரியதாக ஒன்று வைத்தேன்.

அவர் வந்து மேற்பரப்புகளைப் பார்த்தார். மஞ்சள் எங்கும் இல்லை. திருப்தி. வெறுந்தட்டோடு முள்ளைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தார். கதவைச் சாத்தினார்.

சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். மூச்சை அடக்கிக்கொண்டிருப்பதால் பதில் வரவில்லை. முடித்து வெளியே வந்தபோது ஐம்பது தோட்டாக்களும் அவரே செய்த மரப்பெட்டிக்குள் நின்றன. அதைத் திறந்து மூடினார். மறுபடி திறந்து மூடினார்.

வியாழக்கிழமை வேலையால் வந்ததும், தராசை உறையில் போட அறைக்குள் போனார். வெளியே வர நேரமெடுத்தது. எட்டிப் பார்த்தேன். தட்டு வெறுமையாக இருந்தது. முள் சுழியத்தில் நிற்கவில்லை. தட்டின் பக்கம் மேலே எழும்பி நின்றது.

"தட்டிலை ஒண்டும் இல்லை. ஒண்டும் இல்லாததை விடக் குறையக் காட்டுது," என்றார்.

ரசமட்டத்தை எடுத்தார். மேசை மட்டமாக இருந்தது. நிலத்தில் வைத்தார். சமையலறையில் வைத்தார். குளியலறையில் வைத்தார். குளியலறை சாய்ந்திருந்தது. குளியலறைகள் அப்படித்தான் கட்டப்படும், தண்ணீர் ஓடவேண்டும். அதை அவர் ஏற்கவில்லை. குடியிருப்பு அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, நேற்றிலிருந்து கட்டடம் சாய்ந்திருக்கிறதா என்று கேட்டார். அதற்கு ஒரு படிவம் இருக்கிறது என்றார்கள்.

"உதயா, உமக்குச் சாயிற மாதிரித் தெரியுதோ?"

நான் கரட் சீவிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது. சந்தனத்தை ஈரமாக வைத்தேன். ஈரத்தோடு சுழியம் பிடித்தார். ஒக்டோபரில் வெப்பமூட்டி ஓடுகிற வீட்டில் ஒரு மணிநேரத்தில் அப்பளமும் காய்ந்துவிடும்.

சொன்னால் ஐம்பதும் போகும். ஒரு நாள்தான் இருக்கிறது. பலகை மைத்துனருக்குப் போகும். சொல்லாவிட்டால் நாளைக்கு அவர் அந்தத் தோட்டாவைத் துவக்கில் போட்டு, துவக்கைக் கன்னத்தோடு வைப்பார். கரட்டைக் கீழே வைத்தேன்.

"தட்டைத் திருப்பிப் பாருங்கோ."

"என்ன?"

"அடிப்பக்கத்தைப் பாருங்கோப்பா."

திருப்பினார். காய்ந்த மஞ்சள் வட்டம். ஓரங்களில் வெடித்திருந்தது.

"இது என்ன?"

"ஆயுத பூசை."

"அடியிலை?"

"மேலை வைச்சாத் துடைப்பியள்."

கத்துவார் என்று நினைத்தேன். மூன்று ஆண்டுகள் காட்டில் பழகியவர். கத்தவில்லை. குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். அதன் பின்னட்டையில் இருந்த பொட்டை அப்போதும் அவர் கவனிக்கவில்லை.

"சந்தனத்தைக் குழையும்."

"என்னத்துக்கு?"

"நேற்று வைச்ச மாதிரி வையும். அதே அளவு. எவ்வளவு காயுதெண்டு பாக்கோணும்."

தட்டைக் கழுவித் துடைத்துத் தந்தார். நான் பொட்டு வைத்தேன். அவர் நிறுத்தார். எழுதினார். வெப்பமூட்டிக்கு மேல் வைத்தார். மணிக்கூட்டைப் பார்த்தார். காய்ந்ததும் நிறுத்தார். எழுதினார். இன்னொரு முறை வைக்கச் சொன்னார்.

"ஏன் இன்னொருக்கால்?"

"மூண்டு தரம் செய்து சராசரி எடுக்கோணும்."

சாமி இல்லை என்கிற மனிதர் ஒரே மாலையில் மூன்று தரம் பூசை செய்வித்தார். நானாக இருந்தால் ஆண்டுக்கு ஒன்றோடு விட்டிருப்பேன்.

சராசரி எட்டுக் கோடு. பூசையின் நிறையை முதன்முதலில் அளந்தவர் என் கணவராகத்தான் இருக்கவேண்டும். வினோஜாவைத் தொலைபேசியில் பிடித்தார். ஒலிபெருக்கியில் போட்டார்.

"ஹெர்ரெகுட், அம்மா!" என்று நோர்வே மொழியில் கடவுளைக் கூப்பிட்டாள் அவள். "தராசிலயா வச்சீங்க?"

"அடியிலைதான் பிள்ளை."

"அடி, மேல எல்லாம் தராசுக்கு ஒண்டுதான். அப்பா, தட்டு காயக் காய நீங்க கூட மருந்து போட்டிருக்கிறீங்க. மருந்து அளவுப் புத்தகத்தில இருக்கிற கிரென்ச, அந்த எல்லை, எவ்வளவு தூரத்தில?"

"மூண்டு கோடு."

"அப்ப அஞ்சு கோடு தாண்டியிருக்கு."

"எல்லாமோ?"

"முதல் நிரப்பினது சரியா இருக்கும். கடைசியா நிரப்பினது பிழையா இருக்கும். எது முதல் எண்டு தெரியுமா?"

ஐம்பதும் ஒரே மாதிரி மினுங்கிக்கொண்டு நின்றன. அவர் இலக்கம் போடவில்லை.

"சுட்டா வெடிக்குமோ?" என்று நான் கேட்டேன்.

"வெடிக்காமலும் போகலாம், அம்மா."

"'லாம்' எண்டா?"

"தெரியாது எண்டு அர்த்தம். எனக்கு நாளைக்குப் பரீட்சை. உடைச்சிடுங்க. ஹாடே."

அவள் வைத்துவிட்டாள். அவர் பெட்டியைத் திறந்து மூடினார்.

"ஒய்ஸ்தைனுக்கு என்ன சொல்லுறது?" என்றார். அவருக்குத் துவக்கு வெடிப்பது இரண்டாவது கவலை.

உடைப்பதற்கும் ஒரு கருவி இருந்தது. அதையும் வாங்கித்தான் வைத்திருந்தார். சுத்தியல் போன்றது. தலைக்குள் தோட்டாவைச் செருகி மரக்கட்டையில் குத்தினால் சன்னம் கழன்று விழும். மருந்தைத் திருப்பிக் கொட்டலாம். எங்கள் கட்டடத்தில் இரவு எட்டு மணிக்குப் பிறகு எதையும் தட்டக்கூடாது என்பது விதி. இதை உண்மையாகவே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். மணி ஆறரை. ஐம்பது தோட்டா.

அவர் குத்தினார். ஒரு தோட்டாவுக்கு ஒன்பது அடி. பார்க்கப் பொறுக்கவில்லை.

"தாங்கோ இஞ்சை."

"கவனம். இது மிளகாய் இல்லை."

"மிளகாய் எண்டாலும் உங்களிட்டைத் தந்திருக்கமாட்டன்."

உலக்கை போடுகிற மாதிரித்தான். கை எழும்புவதற்குள் பலத்தைச் செலவழிக்கக்கூடாது, விழும்போதுதான் விடவேண்டும். மூன்றாம் அடியில் சன்னம் கழன்றது. அவர் அதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். வேட்டைக் குழுவில் யாரையும் அவர் அப்படிப் பார்த்திருக்கமாட்டார். நான் குத்தினேன். அவர் மருந்தைக் கொட்டி, கோதை ஒரு பக்கமும் சன்னத்தை ஒரு பக்கமும் அடுக்கினார்.

முப்பதாவதில் கதவு மணி அடித்தது. மரியரஞ்சனி.

"உதயாக்கா, இரண்டு மாடிக்குக் கேக்குது. தூள் இடிக்கிறியளோ?"

"இல்லை. தோட்டா."

குரலைத் தாழ்த்தினாள். "செய்யிற சத்தமோ?"

"உடைக்கிற சத்தம்."

அவள் என் கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தாள். உள்ளே சம்மணமிட்டு இருந்த என் கணவரைப் பார்த்தாள்.

"சமாதானமோ?" என்றாள்.

ஒஸ்லோவில் இருந்துகொண்டு வேறென்ன கேட்பாள். ஓம் என்றேன். அவள் சிலுவை போட்டுக்கொண்டு போனாள்.

எட்டு மணிக்கு மூன்று நிமிடம் இருக்க ஐம்பதாவது கழன்றது. மறுபடி நிரப்புவீர்களா என்று கேட்டேன். நிரப்பச் சத்தம் தேவையில்லை. அவர் தட்டில் கொஞ்சம் மருந்தைக் கொட்டிப் பார்த்தார், பாதி மேசையில் சிந்தியது.

"இந்தக் கையாலை நிரப்பினா, பூசை செய்யாமலே எட்டுக் கோடு பிழைக்கும்."

வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை. நான்தான் காரை ஓட்டினேன். வழியில் வேட்டைக் கடையொன்றில் நிறுத்தச் சொன்னார். ஒரு பெட்டி தோட்டாவோடு வந்தார். காரில் இருந்தபடியே கடைத் தோட்டாக்களை ஒவ்வொன்றாகத் தன் மரப்பெட்டிக்கு மாற்றினார். கடையின் மட்டைப் பெட்டியை எட்டாக மடித்து என் கைப்பைக்குள் திணித்தார்.

"இதென்ன?"

"ஒருத்தருக்கும் தெரியக்கூடாது."

ஹம்மர்பெஸ்டில் எங்கள் ஆட்கள் வீட்டுக்கு மீனை ஒளித்துக் கொண்டுவந்த விதம் பற்றி அவர் சொன்ன கதைகள் நினைவுக்கு வந்தன. அப்போதும் இந்த முகம்தான் வைத்திருந்திருப்பார்.

சூட்டுத் திடலில் மழை. ஒய்ஸ்தைனும் இன்னும் மூவரும் கூரைக்குக் கீழே நின்றார்கள். பரீட்சை அவர்களுக்கும் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. ஒய்ஸ்தைன் பையைத் திறந்து தோட்டாப் பெட்டியை மேசையில் வைத்தார். கடைப் பெட்டி. விலை ஒட்டிய தாளும் கிழிக்கப்படவில்லை. மற்றவர் வைத்தார். அதே கடை. மூன்றாமவர், நான்காமவர். மலிவு விற்பனையில் நான்கும் சேர்த்து வாங்கியிருக்கிறார்கள்.

என் கணவர் அந்த நான்கு பெட்டிகளையும் பார்த்தார். தன் மரப்பெட்டியைப் பார்த்தார். துவக்கை எடுத்துக்கொண்டு போய்ச் சுடுகிற இடத்தில் குப்புறப் படுத்தார்.

நூறு மீற்றரில் காகித மிருகம். ஐந்து வெடி. ஐந்தும் வட்டத்துக்குள் இருக்கவேண்டும். ஒன்று உள்ளே. இரண்டு உள்ளே. நான் காதை மூடியிருந்தேன். மூன்று. நான்கு. ஐந்தாவதற்கு அவர் மிக நேரமெடுத்தார். மூச்சை அடக்குகிறார் என்று தெரிந்தது. நானும் அடக்கினேன். பழக்கம்.

ஐந்தாவது கோட்டில் பட்டது. நடுவர் நடந்து போய்ப் பார்த்தார். குனிந்து பார்த்தார். கண்ணாடியை மாற்றிப் பார்த்தார். பிறகு கட்டைவிரலை உயர்த்தினார். கோட்டைத் தொட்டால் உள்ளே என்பது விதி. இந்த நாட்டில் எனக்குப் பிடித்த விதி.

ஒய்ஸ்தைன் வந்து என் கணவரின் தோளில் தட்டினார். ஒரு தரம். அவர்களுக்கு அது கட்டிப்பிடிப்பது போல. "ஐந்தாம் இலக்கம்," என்றார். பிறகு மரப்பெட்டியைப் பார்த்தார். "நீயே நிரப்பியதா?"

என் கைப்பைக்குள் மட்டை இருந்தது. நான் பையை இறுக்கிப் பிடித்தேன். என் கணவர் என் பையைப் பார்த்தார். பிறகு அந்த நான்கு கடைப் பெட்டிகளையும் பார்த்தார்.

"கடைத் தோட்டா," என்றார்.

"நல்லது," என்றார் ஒய்ஸ்தைன். "வீட்டில் நிரப்புவது சரியான ஆபத்து."

"நீங்கள் எல்லோரும் சொந்தமாக நிரப்புகிறீர்கள் என்று சொன்னாயே."

"ஆமாம். எல்லோரும்தான்."

"கடைசியாக எப்போது நிரப்பினாய்?"

ஒய்ஸ்தைன் மழையைப் பார்த்து யோசித்தார். "2009. இப்போது அந்த மேசையில் மனைவியின் பின்னல் இயந்திரம் இருக்கிறது." முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. "தராசு உனக்கு உதவியாக இருக்கிறதா?"

"மிகவும்," என்றார் என் கணவர்.

திரும்பி வரும்போதும் மழை. கண்ணாடித் துடைப்பான் ஆடிக்கொண்டிருந்தது. திடீரென்று கேட்டார்.

"வேறை எங்கை எங்கை வைச்சனீர்?"

"என்னத்தை?"

"தெரியாத மாதிரிக் கேக்காதையும். பொட்டு."

"இந்தக் காரிலை, நீங்கள் இருக்கிற சீற்றுக்குக் கீழை."

அவர் சற்று நகர்ந்து இருந்தார். "பிறகு?"

"கொம்பியூட்டருக்கு அடியிலை. உங்கடை பள்ளிக்கூடத் திறப்புக்கோர்வையிலை, வளையத்துக்கு உள்ளாலை. ரீவிக்கு."

"ரீவிக்குமோ?"

"அதுவும் ஆயுதம்தானே. நாள் முழுக்கப் பாவிக்கிறியள்."

"வேறை?"

"குடியுரிமை விண்ணப்பத்திலை. பின்பக்கம், கையெழுத்துக்கு நேர் பின்னாலை."

அவர் என் பக்கம் திரும்பினார். "அது ரெண்டு தரம் திரும்பி வந்ததே."

"நீங்கள் பிறந்த திகதியைப் பிழையா எழுதினீங்கள். மூண்டாம் தரம் நான் வைச்சனான்."

"மூண்டாம் தரம் நான் திகதியைச் சரியா எழுதினனான்."

"ஓம். ரெண்டும் நடந்தது."

ஸ்டோவ்னர் வரையில் யோசித்தார். விளக்கில் கார் நின்றது.

"துவக்கிலை?"

"தோளிலை வைக்கிற அடிக்கட்டைக்குக் கீழை."

"எப்ப?"

"இண்டைக்குக் காலமை. நீங்கள் முகம் வழிக்கேக்குள்ளை."

கணக்குப் பார்த்தார். உதடு அசைந்தது. "அதுதான் அஞ்சாவது கோட்டிலை பட்டது."

"நாலு உள்ளை போனதுக்கு ஆர் பொறுப்பு?"

பச்சை விழுந்தது. பின்னால் நின்ற பேருந்து ஒலி எழுப்பியது.

"தராசிலை மட்டும் இனி வேண்டாம்," என்றார்.

"சரி. மற்றதுகளை என்ன செய்யிறது? துடைக்கோணுமோ?"

வீட்டுக்கு வந்து துவக்கைத் துடைத்தார். குழாயைத் துடைத்தார், பக்கங்களைத் துடைத்தார், நெடுநேரம் துடைத்தார். அடிக்கட்டையைத் திருப்பாமல் அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தாம் இலக்கத்தில் ஒன்பது மணிநேரம் இருந்தார். எல்க் அந்தப் பக்கம் வரவில்லை. ஒய்ஸ்தைனின் மைத்துனர் காட்டுக்குள் கத்தியது போதாதாம். குளிரில் மூக்குச் சிவந்து வந்து, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே குறை சொன்னார். நான் தேத்தண்ணி கொடுத்தேன்.

"பலகை எப்பிடி?"

"நல்ல பலகை. நாப்பது வருஷத்துப் பலகை." ஒரு மிடறு குடித்தார். "அடியிலை ஒண்டும் இல்லை. பாத்தனான்."